இருட்டில் சைக்கிள்: வாங்கியதில் எது இன்னும் வண்டியில் இருக்கிறது

வேலைக்குப் போய்வருவது சைக்கிளில்தான். திரும்பும்போது பெரும்பாலும் இருட்டிவிடும். சில வருடங்களாக வாங்கிச் சேர்த்த விளக்குகளிலும் பட்டைகளிலும் எவை தேறின என்று சொல்கிறேன்.

முதலில் வாங்கியவை சார்ஜ் செய்யும் விளக்குகள். வெளிச்சத்தில் குறையே இல்லை. ஆனால் பேட்டரி போவதற்கு முன்பே சார்ஜ் துளையை மூடும் ரப்பர் மூடிதான் உயிரை விட்டது. அது தளர்ந்தபின் மழைத்தண்ணீர் இறங்கி உள்ளே பச்சை பூத்துவிடும். எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பதற்கு ஐபிஎக்ஸ் என்றொரு குறியீடு உண்டு. ஐபிஎக்ஸ் 4 என்றால் தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும்; ஐபிஎக்ஸ் 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். மூடி இறுக்கமாக இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு.

அப்புறம் முன்சக்கர அச்சிலேயே இருந்து, சக்கரம் சுற்றும்போது விளக்குக்கு மின்சாரம் தரும் ஹப் டைனமோவுக்கு மாறினேன். 6 வோல்ட், 3 வாட் வகை. மிதிக்கும்போது லேசாக இழுக்கும், கொஞ்ச நாளில் காலுக்குப் பழகிவிடும். சிக்னலில் நின்றாலும் விளக்கு உடனே அணையாது. உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டர் சில நிமிடம் தாங்கும். சார்ஜ் போட மறந்த கவலை ஒழிந்தது, பகலிலும் விளக்கு எரிகிறது. பகல் விளக்கு வீண் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2004-05இல் டென்மார்க்கின் ஒடென்சே நகரில் 3,845 பேரை வைத்து ஓராண்டு சோதித்தார்கள். எப்போதும் எரியும் விளக்கு வைத்திருந்தவர்களுக்கு விபத்து 19 சதவீதம் குறைவு.

மினுக்கும் பின்விளக்கு எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணில் படும், சரி. ஆனால் இருட்டில் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது கஷ்டம். ஜெர்மனியில் சைக்கிளின் முன்விளக்கும் பின்விளக்கும் மினுக்கவே கூடாது. நிலையாக எரியும் சிவப்பு விளக்கைக் கேரியரின் பின்முனையில் திருகியிருக்கிறேன். சீட்டுக்குக் கீழே இருந்தபோது மழைக்கோட்டின் வால் அதை மறைத்துக்கொண்டே இருந்தது.

எல்லாவற்றிலும் மலிவானது, நான் முதலில் சிபாரிசு செய்வதும் இதைத்தான்: கணுக்காலில் கட்டும் ரிஃப்ளெக்டர் பட்டை. சும்மா ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தால் அது கம்பமா, நிற்கும் வண்டியா என்று ஓட்டுநருக்குப் புரியாது. மேலும் கீழும் சுழலும் இரண்டு வெளிச்சத்தைக் கண்டதும் ஆள் மிதித்துப் போகிறான் என்று பிடிபட்டுவிடும். மூட்டுகளில் வைத்த சில ஒளிப்புள்ளிகளின் அசைவிலிருந்தே மனிதனை அடையாளம் காண முடியும் என்று ஸ்வீடனின் உளவியலாளர் குன்னர் யோஹான்சன் 1973இலேயே காட்டியிருக்கிறார். பட்டை கட்டிய பிறகு பின்னால் வரும் கார்கள் கொஞ்சம் முன்னதாகவே விலகுவதாக எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பட்டைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. குறுக்குச் சாலையிலிருந்து வரும் வண்டியின் விளக்கு அதன்மேல் விழாதவரை அது வெறும் துணிதான். பக்கவாட்டுக்கு டயரின் ஓரத்தில் ஓடும் வெள்ளை ரிஃப்ளெக்டர் வளையம் ஓரளவு உதவுகிறது.

பளீர் மஞ்சள் ஜாக்கெட் பகலுக்கும் அந்தி நேரத்துக்கும் நல்லது. அந்த நிறம் மின்னுவது சூரியனின் புற ஊதாக் கதிரால். கார் விளக்கில் அது கிட்டத்தட்ட இல்லாததால் இரவில் சாதாரண மஞ்சள்தான். ஜாக்கெட்டில் ஒட்டியிருக்கும் வெள்ளிப் பட்டைதான் அப்போது வேலை செய்யும். துவைக்கத் துவைக்க அதுவும் மங்கும். எத்தனை முறை துவைக்கலாம் என்று உள்பக்க லேபிளில் போட்டிருந்தால் பார்த்து வாங்குங்கள்.

ஹெல்மெட் விளக்கு? கனம். கழற்றி வைத்துவிட்டேன்.