காந்த நட்சத்திர வெகுமதிப் பலகை: வாங்கலாமா?

வேலூர் லாங் பஜார்ப் பக்கம் ஒரு கடையில் வாங்கிய, நல்ல செயலுக்கு ஒரு காந்த நட்சத்திரம் ஒட்டும் இந்தப் பலகையை, ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் கொண்ட குறைபாடு) உள்ள, முதல் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகனுக்காகப் பயன்படுத்தி வருகிறோம். பலகை உறுதியானது. நட்சத்திரங்கள் சட்டைப் பொத்தான் அளவே இருப்பதால், கைக்குழந்தை உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால் குடலே ஓட்டையாகலாம்.

அச்சடித்துள்ள குறிக்கோள்கள்தாம் பெரிய குறை. ‘நல்ல பிள்ளையாக இரு’, ‘கோபப்படாதே’ என்றால் எதைச் செய்வதென்று குழந்தைக்கு எப்படிப் புரியும்? அவற்றின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, ‘கோபம் வந்தால் திண்ணையில் போய் உட்காருவேன்’, ‘சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போடுவேன்’ என இரண்டே வரிகளை அக்கா எழுதினாள். செய்த கணமே, எதற்காக என்று சொல்லி நட்சத்திரம் தருகிறோம். பரிசுக்கு ஞாயிறுவரை காக்க வைக்கும் வார அமைப்பு, தாமதத்தைப் பொறுக்க முடியாத இத்தகைய குழந்தைகளுக்குச் சற்றும் பொருந்தாது. ஆகவே, நான்கு நட்சத்திரம் சேர்ந்தால் அன்று மாலையே கோட்டைப் பூங்காவில் விளையாட்டு என்று மாற்றிக்கொண்டோம்.

1960களில் ஐலன், அஸ்ரின் என்ற உளவியலாளர்கள் இலினாய் மாநில மனநல மருத்துவமனையொன்றில் நடத்திய, நல்ல செயலுக்கு வில்லை தந்து அதைப் பின்னர் பரிசாக மாற்றிக்கொள்ள விடும் டோக்கன் முறையும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். பலகையுடன் வரும், தவறு செய்தால் ஒட்டுவதற்கான சிவப்பு ‘அழுமூஞ்சி’ வில்லைகளை நாங்கள் தொடவேயில்லை. ஏற்கெனவே பள்ளியில் நாளெல்லாம் திட்டு வாங்கும் பிள்ளைக்கு வீட்டிலும் அவமானம் எதற்கு? பதற்றத்தால் கதறி அழும் நேரத்தில் எந்தப் பலகையும் உதவாது, அதற்கு உளவியலாளரைத்தான் பார்க்க வேண்டும். 350 ரூபாய்க்குப் பலகை தகும், அச்சடித்த வரிகள் தகாது.