மைக் இல்லாமல் ஒலித்த நாதஸ்வரம்: ஏற்காட்டில் ஒரு சூரிய மின்சார இசை விழா

தை மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஏற்காட்டில் உள்ளூர் மக்களும் காப்பித் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் சேர்ந்து நடத்திய இசை விழாவுக்கு அம்மாவையும் மகளையும் அழைத்துக்கொண்டு போய்வந்தேன். மேடை, மைக் செட், விளக்கு ஆகிய மூன்றும் சூரிய ஒளியில் கிடைக்கும் மின்சாரத்தில் மட்டுமே இயங்கும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். அந்தச் சொல்லைக் காப்பாற்றினார்கள் என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். நுழைவுக் கட்டணம் கிடையாது. வாசலில் ஓர் உண்டியல் மட்டும் வைத்திருந்தார்கள்.

சேலம் பக்கத்தில் எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போனாலும், மேடைக்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர் ஒன்று உறுமிக்கொண்டிருக்கும். அதன் சத்தத்தை மீறுவதற்காக ஒலிபெருக்கியைக் கூட்டுவார்கள், கூட்டிய ஒலிபெருக்கிக்கு இன்னும் அதிக மின்சாரம் வேண்டியிருக்கும். இந்த விழாவில் அந்தச் சத்தம் இல்லாததால், பாடகர் மூச்செடுப்பதும் ஸ்ருதிப் பெட்டியின் மெல்லிய ரீங்காரமும் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த எங்களுக்குக்கூடக் கேட்டன.

மேடையின் இடப்புறம் 540 வாட் திறன் கொண்ட 12 சோலார் பேனல்களைச் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். ஒரு கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும் என்ற கணக்கில், தெளிவான நாளில் இது 26 யூனிட் அளவுக்கு வரும். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டுக்கு ஒரு சாதகமும் ஒரு பாதகமும் உண்டு. பேனல் 25 டிகிரிக்கு மேல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் உற்பத்தி ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும் என்பதால், சேலத்து மொட்டை மாடியைவிட மலைக் குளிர் அதற்கு உகந்தது. ஆனால் காலைப் பனிமூட்டம் விலகும்வரை பேனல் பெயருக்குத்தான் வேலை செய்யும். அன்று பத்து மணிவரை மூட்டம் விலகவில்லை. இதை எதிர்பார்த்துத்தான் நிகழ்ச்சி நிரலையே அமைத்திருந்தார்கள் என்பது பிறகு புரிந்தது.

காலையில் முதல் நிகழ்ச்சியாக நாதஸ்வரமும் தவிலும் வைத்திருந்தார்கள், அதுவும் மைக் இல்லாமல். திறந்தவெளியில், தேரடியில், நான்கு வீதிகளுக்கும் கேட்கும்படி வாசிப்பதற்கென்றே உருவான வாத்தியத்தின் முன்னால் மைக்கை வைத்து, அதன் நாதத்தைத் தகரமாக்கிக் கேட்டுப் பழகிவிட்டோம். இங்கே சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, பனிக்குள்ளிருந்து அந்த வாசிப்பு எழுந்து வந்தபோது, அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் கல்யாணத்தன்று கேட்டது இப்படித்தான் இருந்தது என்றார். மின்சாரத்தை எப்படி உற்பத்தி செய்வது என்பதற்கு முன்பே, எதற்கு அது தேவையில்லை என்று யோசித்திருக்கிறார்கள். இந்த விழாவில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான். அதற்கடுத்து சேர்வராயன் மலையின் பழங்குடி மக்கள் ஆடிப் பாடியதும் மைக் இல்லாமலேதான். மைக் தேவைப்படும் மெல்லிசைக் குழுவை, வெயில் நன்றாக ஏறிய பிறகு மேடையேற்றினார்கள்.

ஆறு மணிக்கு மேல் முழுச் சுமையும் பேட்டரியின் மீது விழுந்தது. மேடையோரத்துப் பலகையில் மீதமுள்ள அளவை ஒரு சிறுவன் அரைமணிக்கொரு முறை எழுதிக்கொண்டிருந்தான். பழைய மேடை விளக்கு ஒன்றே 1,000 வாட் இழுக்கும். இங்கே எல்லாமே எல்இடி. அப்படியும் எட்டரை மணிக்குப் பலகையில் 40 சதவீதம் என்று வந்ததும், சுற்றியிருந்த சீரியல் செட்டை அணைத்தார்கள். கூட்டத்திலிருந்து முணுமுணுப்பு எழவில்லை. அந்தப் பலகையைப் பார்த்துப் பார்த்து, பேட்டரி எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போல எல்லாருக்கும் பழகிவிட்டிருந்தது.

கண்காட்சிப் பகுதி மட்டும் இந்தத் தரத்துக்கு வரவில்லை. காற்றாலை, சூரிய ஒளி இரண்டுக்கும் படங்கள் இருந்தன. நீர்மின்சாரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையும், அதன் கீழே தலா 30 மெகாவாட் திறனுள்ள செக்கானூர், பூலாம்பட்டிக் கதவணைகளும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் சுற்றுலா போகும் இடங்கள். அதே மேட்டூரில் 1,440 மெகாவாட் அனல்மின் நிலையம் நிலக்கரியில் ஓடுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டியிருந்தால், என் மகளுக்குப் பாதிப் பாடம் அங்கேயே முடிந்திருக்கும்.

பேனல் விற்பனையாளர் ஒருவரின் கடை எனக்கு வருத்தத்தையே தந்தது. 3 கிலோவாட் அமைப்புக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருவதைச் சொன்னவர், பேட்டரி இல்லாத அமைப்பு மின்வெட்டின்போது பாதுகாப்புக்காகத் தானாகவே நின்றுவிடும் என்பதைச் சொல்லவில்லை. “கரண்ட் போனாலும் ஃபேன் ஓடுமா தம்பி?” என்று அம்மா கேட்டதற்கு, “எல்லாம் ஓடும்மா” என்றார். பக்கத்தில் நின்ற தன்னார்வலப் பெண்தான், “பேட்டரி போட்டாத்தான் ஓடும் பாட்டி, லைன்ல வேலை பார்க்கிறவங்களுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அது நின்னுடும்” என்று விளக்கினார். மக்கள் நம்பி வரும் இடத்தில் அரைகுறைத் தகவலுடன் விற்க இடம் கொடுக்கக் கூடாது. அமைப்பாளர்களிடம் இதை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

சாப்பாட்டில் குறையில்லை. தட்டுவடை செட்டும் தோட்டத்துக் காப்பியும் எவர்சில்வர் பாத்திரங்களிலேயே கொடுத்தார்கள்.

பெரிய குறை போக்குவரத்து. வந்தவர்களில் பெரும்பாலானோர் காரிலும் இருசக்கர வண்டியிலும் 20 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வந்தோம். அன்று மேடைக்காக மிச்சமான டீசலைவிட அதிகமான எரிபொருளை அந்த மலைப்பாதையில் நாங்களே எரித்திருப்போம். சேலம் பழைய பேருந்து நிலையத்திலிருந்து காலையில் இரண்டு பேருந்துகளை வாடகைக்கு எடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கியிருந்தால் மகிழ்ச்சியாகக் கொடுத்திருப்போம். அடுத்த ஆண்டு போக நினைப்பவர்கள் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து ஒரே வேனில் போங்கள்; நாதஸ்வரம் தொடங்கும் முன்பே சேர்ந்துவிடுங்கள்; பெரியவர்களுக்கு ஸ்வெட்டரும் மடக்கு நாற்காலியும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.