மரக் கட்டையா, அலுமினிய சேஸிஸா? என் ரைபிளுக்கு நான் எடுத்த முடிவு

போல்ட் ஆக்‌ஷன் ரைபிளில் குழலும் ஆக்‌ஷனும் (போல்ட் ஓடும் உடற்பகுதி) சேர்ந்த இரும்புப் பகுதியை ஸ்டாக்கோடு (தோளில் ஊன்றும் கட்டையோடு) பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் இரண்டே திருகுகள்தான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. என் .308 வின்செஸ்டர் (தோட்டா வகையின் பெயர்) ரைபிளில் எதையெல்லாம் மாற்றலாம் என்று முதலில் யோசித்தபோது விசை (டிரிகர்), போல்ட் கைப்பிடி, மசில் பிரேக் (பின்னுதையைக் குறைக்கக் குழல் முனையில் மாட்டுவது), ஸ்கோப் வளையம் என்று பட்டியல் நீண்டது. இந்த இரண்டு திருகுகள் அதில் இல்லை. கடைசியில் என் முடிவைத் தீர்மானித்தவை அவைதான்.

எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கூடவே வந்த வால்நட் மரக் கட்டையை வைத்துக்கொண்டு, திருகு போகும் துளைகளில் அலுமினியத் தூண்களை இறக்கி, ஆக்‌ஷன் உட்காரும் இடத்தில் எபாக்ஸி ஊற்றிப் படுகை அமைப்பது. பெடிங் என்று சொல்வார்களே, அதுதான். இன்னொன்று, கட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ஆக்‌ஷனை அலுமினிய சேஸிஸில், அதாவது கட்டைக்குப் பதிலாக வரும் உலோகச் சட்டத்தில், பொருத்துவது. இரண்டையும் செய்து பார்த்தேன். இப்போது சேஸிஸில்தான் சுடுகிறேன், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை வேகமாகக் கடந்துவிடலாம். மரம் அழகு, கைக்கு இதம், எடை குறைவு. சேஸிஸில் கன்னம் வைக்கும் பகுதியை உயர்த்தலாம், தோளுக்கும் விசைக்கும் உள்ள தூரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், கழற்றி மாட்டும் மேகசின் (தோட்டாப் பெட்டி) போடலாம். கன்ன உயரம் சின்ன விஷயமில்லை. பெரிய ஸ்கோப்பை உயரமான வளையத்தில் வைத்தால் பழைய பாணிக் கட்டையில் தாடையைத்தான் ஊன்ற முடிகிறது, தலை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கிறது. ஆனால் அதற்குக் கட்டையின் மேல் கட்டிக்கொள்ளும் கன்னப்பட்டை ஒன்றே போதும். அதற்காக மட்டும் யாரும் சேஸிஸுக்குப் போக வேண்டாம்.

சரி, உண்மையான விஷயத்துக்கு வருகிறேன்: பராமரிப்பு. இன்னும் குறிப்பாகச் சொன்னால், ரைபிளைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்ப மாட்டிய பிறகு குண்டு பழைய இடத்திலேயே விழுகிறதா என்பது.

மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து உப்பும், வறண்டால் சுருங்கும். இழையின் நீளவாக்கில் அந்த அசைவு மிகக் குறைவு, குறுக்குவாக்கில் அதிகம். ஸ்டாக்கின் முன்பகுதியில் குழலுக்காகப் பள்ளம் தோண்டியிருப்பதால் இரண்டு பக்கச் சுவர்களும் மெலிந்திருக்கும். ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக ஈரம் ஏறினாலும் முன்பகுதி முறுக்கிக்கொண்டு குழலைத் தொடும். சுடும்போது குழல் அதிர்கிறது. அந்த அதிர்வு ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருந்தால்தான் குண்டுகள் ஒரே இடத்தில் சேரும். இன்று தொடாமல் இருந்த மரம் நாளை தொட்டால் குழு (அடுத்தடுத்துச் சுட்ட குண்டுகளின் துளைக் கூட்டம்) இடம் மாறிவிடும், சில சமயம் சிதறியும் போகும்.

பெடிங் செய்வதற்கு முன்பு என் ரைபிளில் இருந்த கோளாறு வேறு. திருகை இறுக்க இறுக்க மரம் அழுந்திக்கொண்டே போகும், இறுக்கம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. தூண்கள் இறக்கியதும் அது சரியாகிவிட்டது. திருகின் அழுத்தத்தை மரம் தாங்குவதற்குப் பதில் அலுமினியத் தூண் தாங்கியது. எபாக்ஸிப் படுகை ஆக்‌ஷனின் அடிவடிவத்தை அச்சு எடுத்தது போலப் பிடித்துக்கொண்டது. 100 மீட்டரில் குழுவின் அளவு கண்ணால் பார்த்தே சொல்லக்கூடிய அளவுக்குச் சுருங்கியது. அந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

பெடிங் நன்றாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. குழலுக்கும் முன்பகுதிக்கும் நடுவில் டயல் இண்டிகேட்டரை (நுண்ணிய அசைவை அளக்கும் முள் கருவி) வைத்துவிட்டு, முன் திருகை மெதுவாகத் தளர்த்த வேண்டும். முள் 0.05 மில்லிமீட்டருக்குள் நின்றால் நல்ல படுகை. அதைத் தாண்டி நகர்ந்தால் திருகு ஆக்‌ஷனை வளைத்துப் பிடித்திருக்கிறது என்று பொருள். கருவி இல்லையென்றால் அந்த இடைவெளியில் விரலை வைத்தாலே அசைவு உணர்வில் தெரியும். என்னுடையது இந்தச் சோதனையில் தேறியது.

அப்புறம் ஈரமான பருவம் வந்தது. தோட்டாவையோ ஸ்கோப்பையோ மாற்றவில்லை, ஆனால் குழு 100 மீட்டரில் சுமார் 4 சென்டிமீட்டர் வலப்பக்கம் போய்விட்டது. முதலில் ஸ்கோப்பைச் சந்தேகப்பட்டு வளையங்களைக் கழற்றி மாட்டினேன். வீண் வேலை. பிறகு ஒரு தாள் துண்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் இழுத்துப் பார்த்தேன், பாதி வழியில் இடப்பக்கம் சிக்கிக்கொண்டது. படுகை அப்படியே உறுதியாக இருந்தது. முறுக்கிக்கொண்டது அதற்கு முன்னால் இருந்த மரம். குழல் பள்ளத்தை அகலப்படுத்தத் தேய்த்தபோது பழைய பூச்சு போய் மரம் வெறுமையாகியிருந்தது, நான் மறுபடி பூச்சு அடிக்காமல் விட்டிருந்தேன். பின் முனையில் ரப்பர் பட்டைக்கு அடியிலும் மரத்தின் வெட்டுமுகம் திறந்தே கிடந்தது. மரம் ஈரத்தை அதிகம் உறிஞ்சுவது வெட்டுமுகத்தின் வழியாகத்தான்.

திரும்பத் தேய்த்து, உள்ளேயும் வெட்டுமுகத்திலும் மூன்று கை வார்னிஷ் அடித்தேன். பிரச்சினை தீர்ந்தது. அதனால் மரக் கட்டை சரிப்படாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பள்ளத்தைப் பார்ப்பது, பூச்சைப் பார்ப்பது, தாள் இழுப்பது, இறுக்கத்தைச் சரிபார்ப்பது எல்லாவற்றையும் ஒவ்வொரு பருவத்துக்கும் செய்ய வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மரவேலையில் ஆசை உள்ளவருக்கு இது சுகம். எனக்குச் சுடுவதில்தான் ஆசை.

சேஸிஸில் இந்த வேலைகளில் பெரும்பகுதி இல்லவே இல்லை. ஆக்‌ஷன் உட்காரும் இடம் ஆங்கில வி எழுத்து வடிவத்தில் கடைந்த அலுமினியப் பள்ளம். உருளையான ஆக்‌ஷன் அதில் இரண்டு கோடுகளில் தொட்டு நிற்கும். அலுமினியம் ஈரத்தைக் குடிப்பதில்லை. திருகை 65 இன்ச்-பவுண்டு, அதாவது சுமார் 7.3 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்கலாம். தூண் இல்லாத மரத்தில் இந்த அளவை முயலவே கூடாது, மரம் நசுங்கிவிடும். எந்த சேஸிஸாக இருந்தாலும் அதைச் செய்தவர் சொல்லும் அளவுதான் முக்கியம். நான் சொன்னது பரவலாக வழக்கத்தில் இருக்கும் எண்.

மாட்டிய முதல் மாதத்தில் வேண்டுமென்றே ஆறு முறை ஆக்‌ஷனைக் கழற்றி மாட்டினேன். ஒவ்வொரு முறையும் ஐந்து குண்டு. ஸ்கோப்பில் ஒரு கிளிக் என்பது 0.1 மில் (கோண அளவு), 100 மீட்டரில் 1 சென்டிமீட்டர். ஆறு முறையும் அந்த ஒரு கிளிக்குக்குள்தான் நின்றது. ஈரமான பருவத்திலும் அப்படியே. என் ரைபிளில் இதே சோதனையை மரக் கட்டையோடு செய்தபோது, பெடிங்குக்குப் பிறகும், இரண்டு மூன்று கிளிக் திருத்த வேண்டி வந்தது. ஒருவேளை கைதேர்ந்த ஒருவர் செய்த படுகையாக இருந்தால் இந்த வித்தியாசம் மறைந்திருக்கலாம். என்னுடையது நான் என் கையால் செய்த முதல் பெடிங்.

இதில் டார்க் ரெஞ்சின் (திருகின் இறுக்கத்தை அளந்து இறுக்கும் சாவி) பங்கைச் சொல்லாமல் விட்டால் சேஸிஸுக்குத் தேவைக்கு மேல் புகழ் போய்விடும். எந்தக் கட்டையாக இருந்தாலும் முதலில் வாங்க வேண்டியது அதுதான். மாட்டும் முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ரைபிளைச் செங்குத்தாக நிறுத்தி, பின்னுதையைத் தாங்கும் முளை அதன் பின்சுவரில் நன்றாக ஒட்டி அமரும்படி ஆக்‌ஷனைப் பின்னால் அழுத்திக்கொள்வேன். முன் திருகைப் பாதி, பின் திருகைப் பாதி, பிறகு முன்னதை முழுதாக, பின்னதை முழுதாக. இந்த வரிசையை மாற்றுவதில்லை.

சேஸிஸுக்கும் தொல்லைகள் உண்டு. கன்னப்பகுதி, கைப்பிடி, பின்தகடு எல்லாமே சின்னச் சின்னத் திருகுகளில் நிற்பவை, அவை தளரும். கன்னப்பகுதி தளர்ந்திருப்பது தெரியாமல் ஒரு நாள் முழுக்கச் சுட்டிருக்கிறேன். அந்த வி வடிவப் பள்ளத்தில் ஒரு மணல் துகள் விழுந்தாலும் ஆக்‌ஷன் சாய்ந்து உட்காரும், மாட்டும் முன் துடைத்தே ஆக வேண்டும். வியர்வையோ உப்புக்காற்றோ பட்டால் எஃகும் அலுமினியமும் தொடும் இடத்தில் அரிப்பு பிடிக்கும், மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தேவை. ஆனால் இவையெல்லாம் துணியும் திருகாணிச் சாவியும் இருந்தால் முடிகிற வேலைகள். மரத்தைத் தேய்த்துவிட்டுக் காயும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ரைபிளை அலுமினியச் சட்டத்தில் உட்காரவைக்கும் யோசனை புதியதும் இல்லை. பிரிட்டனின் மால்கம் கூப்பர் 1984 லாஸ் ஏஞ்சலிஸ், 1988 சியோல் ஒலிம்பிக் இரண்டிலும் 50 மீட்டர் மூன்று நிலை ரைபிளில் தங்கம் வென்றவர். அவர் கூட்டாகத் தொடங்கிய அக்யூரசி இன்டர்நேஷனல், பிரிட்டிஷ் இராணுவம் 1980களில் ஏற்றுக்கொண்ட எல்96 ரைபிளை அலுமினியச் சட்டத்தின் மேல்தான் கட்டியது. வெளியே தெரியும் பிளாஸ்டிக் வெறும் போர்வை. உயர்ந்த மட்டத்தில் சுட்டவரே அந்தப் பக்கம் போனார் என்பது எனக்கு ஒரு தெம்பு.

வாங்கும் முன் ஆக்‌ஷனின் அடிவடிவத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1962இல் வந்த ரெமிங்டன் 700இன் உருளை வடிவத்துக்குத்தான் சந்தையில் அதிகத் தேர்வு கிடைக்கிறது. வேறு நிறுவனங்களும் அதே அளவில் ஆக்‌ஷன் செய்வதால் அது ஒரு பொது அளவாகிவிட்டது. டிக்கா ரைபிள்களில் பின்னுதை தாங்கும் முளை ஆக்‌ஷனோடு சேர்ந்ததாக இல்லாமல் தனித்துண்டாக ஸ்டாக்கில் உட்காரும். அதனால் ஒன்றுக்குச் செய்தது இன்னொன்றுக்குப் பொருந்தாது. குட்டை ஆக்‌ஷனா, நீள ஆக்‌ஷனா, இடக்கைக்கா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். மறுவிற்பனையில் சேஸிஸுக்கு ஒரு வசதி இருக்கிறது: அதே வடிவமுள்ள வேறு ரைபிளுக்கு அதை அப்படியே கொடுத்துவிடலாம். எபாக்ஸி ஊற்றிய கட்டை ஒரு ஆக்‌ஷனுக்கென்று வார்க்கப்பட்டது, பிறருக்கு அந்தப் படுகையால் பயன் குறைவு.

லேமினேட் மரம் நடுவழி. மெல்லிய மரத்தகடுகளை இழை மாற்றி ஒட்டியிருப்பதால் முறுக்குவது குறைவு, எடை கூடுதல். நண்பர் ஒருவரின் லேமினேட் ரைபிளில் சில நாள்கள் மட்டும் சுட்டிருக்கிறேன், நன்றாகவே இருந்தது. பருவம் மாறும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்று நான் பார்த்ததில்லை என்பதால் அதை இந்தத் தராசில் ஏற்றவில்லை. அச்சில் வார்த்த மலிவு பிளாஸ்டிக் கட்டைகளைப் பற்றி ஒன்றுதான்: பைபாடில் (முன்பகுதியில் மாட்டும் இருகால் தாங்கி) சாய்ந்து அழுத்தினால் முன்பகுதி வளைந்து குழலைத் தொடும், அதனால் பெடிங் செலவுக்கு முன் கட்டையையே மாற்றுவது நல்லது.

எடையில் மரம் சந்தேகமில்லாமல் ஜெயிக்கிறது. என் ரைபிள் ஸ்கோப்போடு இப்போது ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருக்கிறது. படுத்தோ மேசையிலோ சுடுபவருக்கு அது உதவி, பின்னுதை மென்மையாகிறது, இலக்கைக் கண் விடாமல் பார்க்க முடிகிறது. நின்றபடி சுடுபவருக்கோ தோளில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க நடப்பவருக்கோ என் முடிவு தப்பாகப் போகலாம். வெயிலில் கிடந்த சேஸிஸைக் கன்னத்தில் வைப்பதும் சுகமான அனுபவம் இல்லை.

கடைசியாகக் கையாளுதல். இதில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். கழற்றும் முன் மேகசினை எடுத்து, போல்ட்டை உருவி, குழலில் தோட்டா அமரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே தோட்டா இருக்கக் கூடாது. புது ஸ்டாக்கில் மாட்டியதும் போல்ட் தடையில்லாமல் மூடுகிறதா என்று பாருங்கள். முன் திருகு ஒரு சுற்று நீளம் அதிகமாக இருந்தாலும் போல்ட்டின் பூட்டுப் பற்களில் உரசும். எனக்கு அப்படி நடந்தது, திருகைக் கொஞ்சம் அரத்தில் தேய்த்ததும் சரியானது. விசைக்கும் பாதுகாப்புப் பூட்டுக்கும் சுற்றிலும் இடம் இருக்க வேண்டும். காலி ரைபிளில் பூட்டைப் போட்டு விசையை அழுத்தி விட்டுவிட்டு, பிறகு பூட்டை எடுத்துப் பார்க்க வேண்டும். அப்போது அடி ஊசி விழுந்தால் அந்த ரைபிள் சுடுவதற்குத் தகுதியானதல்ல. போல்ட்டை வேகமாக அறைந்து மூடினாலும், பின்கட்டையை ரப்பர் சுத்தியலால் தட்டினாலும் விழக் கூடாது. மேகசின் ஊட்டுகிறதா என்பதை வெடிமருந்தும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டாக்களில்தான் பார்க்க வேண்டும். விசையையும் கூடவே மாற்றியிருந்தால் இவை எல்லாவற்றையும் இரண்டு முறை செய்யுங்கள். விசையின் எடையை (அதை இழுக்கத் தேவைப்படும் அழுத்தத்தை), அதைச் செய்தவர் சொன்ன கீழ் எல்லைக்குக் கீழே இறக்காதீர்கள்.

மரக் கட்டையை நான் விற்கவில்லை. மெழுகு தேய்த்து, வளையாதபடி படுக்கவைத்திருக்கிறேன். நடந்துபோகும் நாள்கள் வந்தால் ஆக்‌ஷன் அதில் திரும்ப ஏறும். அந்தக் கட்டையில் ஸ்கோப் எந்த எண்ணில் நிற்க வேண்டும் என்று எழுதிய சீட்டு அதன் ரப்பர் பட்டைக்கு அடியில் இருக்கிறது. ஆனாலும் ஐந்து குண்டு சுட்டுச் சரிபார்க்காமல் அந்தச் சீட்டை நம்பமாட்டேன்.