ஜாஷுவா ட்ரீயில் சுலபமான தடம் தேட: என்.பி.எஸ். ஆப்பா, ஆல்ட்ரெயில்ஸா?

லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் ஒரு நாளாவது கூட்டிப்போகும் இடம் ஜாஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. கிளம்புவதற்கு முந்தின இரவு ஆல்ட்ரெயில்ஸ் என்ற நடைத்தட ஆப்பைத் திறந்து 'ஈஸி' என்று வடிகட்டுவார்கள். பட்டியல் நீளமாக வரும். அறுபது வயது முழங்காலும் ஆறு வயதுப் பிள்ளையும் சேர்ந்து போகிற கூட்டத்துக்கு அந்தப் பட்டியலை அப்படியே நம்ப முடியாது. அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் இலவச என்.பி.எஸ். ஆப் இந்த ஒரு வேலையை அதைவிட நன்றாகச் செய்கிறது. ஆல்ட்ரெயில்ஸுக்கு வேறு வேலை இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

எந்த ஆப்பிலும் கண் முதலில் போவது நீளம், ஏற்றம் என்ற இரண்டு எண்களுக்குத்தான். செம்மண் மேட்டில் அந்த இரண்டும் போதும். ஜாஷுவா ட்ரீயில் போதாது. இங்கே இருப்பது மான்சோகிரானைட். பூமிக்கடியில் இறுகியபோதே குறுக்கும் நெடுக்குமாக விரிசல் விட்ட கல். அந்த விரிசல்களில் நிலத்தடி நீர் இறங்கி மூலைகளை அரித்து உருட்டியது. பிறகு மேல்மண் வெள்ளத்தில் அடித்துப்போக, உருண்டைகள் குவியலாக வெளியே நிற்கின்றன. செஞ்சிக் குன்றுகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். இரண்டு உருண்டைகளுக்கு நடுவே ஆளுயரம் ஏறி, உடனே ஆளுயரம் இறங்கினால் அது ஏற்றக் கணக்கில் அநேகமாக வராது. அந்தக் கணக்குக்கு அடிப்படையான உயர வரைபடங்கள் பெரும்பாலும் பத்து மீட்டர் கட்டங்களாக நிலத்தைச் சராசரி எடுப்பவை. நூறு அடி ஏற்றம் என்று போட்ட தடத்தில் கையை ஊன்றி ஏற வேண்டி வருவது இதனால்தான்.

என்.பி.எஸ். ஆப்பில் தடங்கள் குறைவு. அதுதான் அதன் பலம். பூங்கா பராமரிக்கும் தடங்கள் மட்டுமே இருக்கும். தூரம், ஆகும் நேரம், தரை எப்படி, சக்கர நாற்காலி போகுமா என்பதெல்லாம் அங்கே வேலை செய்கிறவர்களே எழுதியவை. நேரத்தைக் கவனியுங்கள். ஹிடன் வேலி சுற்று ஒரு மைல்தான், அதாவது 1.6 கிலோமீட்டர், ஆனால் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கும். சமதரையில் இருபது நிமிட வேலை. மிச்ச நேரம் முழுக்கக் கல்படிகளுக்கும், பிள்ளைகள் பாறைமேல் ஏறி இறங்கும் வரை காத்திருப்பதற்கும் போகும். புதிதாக எந்தத் தடத்தைப் பார்த்தாலும் இதே போலத் தூரத்தை நேரத்தோடு ஒட்டிப் பாருங்கள். மைலுக்கு ஒரு மணி நேரம் என்றால் தரை கல்லும் கரடுமாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெரியவர்களோடு போனால் முதலில் கேப் ராக்: 0.4 மைல், கெட்டித்த தரை, சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் போகும், பெரிய பாறைகளும் கிட்டத்திலேயே. அடுத்து பார்க்கர் டேம்: சுமார் 1.1 மைல் சுற்று, பெரும்பாலும் மணல். தொடக்கத்தில் பாறைகளுக்கு இடையில் ஒடுங்கும், சில கல்படிகள் உண்டு. மாடு வளர்த்தவர்கள் கட்டிய அணை அது. பெரும்பாலான மாதங்களில் தண்ணீர் இருக்காது, ஆப்பில் வரும் நீர்ப் பிரதிபலிப்புப் படத்தை நம்பிப் போக வேண்டாம். ஸ்கல் ராக் பாறையைப் பார்க்க நடக்கவே வேண்டாம், சாலையோரத்திலேயே இருக்கிறது. அதையொட்டிய 1.7 மைல் சுற்றை 'ஈஸி' என்று நினைத்து முழுதாக எடுத்தால் கல்லும் மணலோடையும் மாறி மாறி வரும், இடையிடையே வழி தேட வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டாம். ரயன் மவுண்டன் போய்வர 3 மைல், ஆயிரம் அடிக்கு மேல் ஏற்றம். தடம் தெளிவு, கல்படி ஒழுங்கு, ஆனால் இது சுலபத் தடம் அல்ல.

ஆல்ட்ரெயில்ஸ் உதவுவது அண்மைக் கருத்துகளிலும் படங்களிலும். தேதிவாரியாக வரிசைப்படுத்தி, கடைசி ஒரு மாதத்துக்கு உள்ளே எழுதியதை மட்டும் படியுங்கள். ஆர்ச் ராக் என்ற பாறை வளைவு நல்ல உதாரணம். பழைய குறிப்புகள் வொயிட் டேங்க் முகாமில் வண்டியை நிறுத்தச் சொல்லும். இப்போது ட்வின் டேங்க்ஸ் நிறுத்தத்திலிருந்து 1.4 மைல் நடை. வளைவைக் கீழிருந்தே நன்றாகப் பார்க்கலாம். அடிக்குப் போய்ப் படம் எடுக்கத்தான் பாறை ஏற வேண்டும்.

மக்கள் பெரிதும் தடுமாறுவது ஆல்ட்ரெயில்ஸிலும் ஆர்கானிக் மேப்ஸ் என்ற இலவச வரைபட ஆப்பிலும் தெரியும் மெல்லிய கிளைக்கோடுகளில். அவற்றில் பல, பாறையேறுகிறவர்கள் பாறை அடிவாரத்துக்குப் போகும் வழிகள். களத்தில் காரபைனர் வளையச் (பாறையேறுகிறவர்கள் கயிறு மாட்டும் கொக்கி) சின்னம் போட்ட சிறு கம்பங்கள் நிற்கும். அந்தச் சின்னத்தைப் பார்த்தால் நீங்கள் நடைத்தடத்தில் இல்லை, செங்குத்துப் பாறையில் போய் முட்டும் வழியில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். வந்த வழியே திரும்புங்கள். பார்க்கர் டேமுக்கு வடக்கே வொண்டர்லேண்ட் ஆஃப் ராக்ஸ் என்ற பாறைக்காடு இருக்கிறது. எல்லாப் பாறையும் ஒன்றுபோலத் தெரியும், குறுக்குவழி தேடினால் திசை போய்விடும்.

போனில் நீலப்புள்ளி இருக்கிறதே என்பார்கள். உயரப் பாறைகளுக்கு நடுவில் செயற்கைக்கோள் சிக்னல் கல்லில் பட்டுத் தெறித்து வருவதால் புள்ளி பக்கத்துப் பள்ளத்துக்குத் தாவும். அங்கே பத்தடி திறந்தவெளிக்கு வந்து, அரை நிமிடம் நின்று, பிறகு பாருங்கள்.

பூங்காவுக்குள் சிக்னல் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே வீட்டிலிருந்தே வைஃபையில் என்.பி.எஸ். ஆப்பைத் திறந்து, ஜாஷுவா ட்ரீயைத் தேடி, ஆஃப்லைனுக்குச் சேமிக்கும் பொத்தானை அழுத்துங்கள். பூங்கா முழுதும் ஒரே முறையில் இறங்கும். இறங்கி முடிந்ததும் ஃபிளைட் மோடில் போட்டு வரைபடமும் தடப் பக்கமும் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பாதியில் நின்ற பதிவிறக்கம் வாசலில் போய்த்தான் தெரியவரும். ஆல்ட்ரெயில்ஸில் ஆஃப்லைன் வரைபடத்துக்குச் சந்தா கட்ட வேண்டும்; இந்த ஒரு பூங்காவுக்காகக் கட்ட வேண்டியதில்லை. நுழைவாயிலில் தரும் காகித வரைபடத்தை வண்டியிலேயே விட்டுவிடாமல் கையில் வைத்திருங்கள்.

இரண்டு ஆப்பும் சரியாகச் சொல்லாதது கால்பிடிப்பு. காய்ந்த கிரானைட் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, ஏறும்போது நன்றாகப் பிடிக்கும். அதன்மேல் உதிர்ந்து கிடக்கும் பருமணல்தான் வழுக்கும்: சாய்வான பலகைப் பாறையில் ஒவ்வொரு மணியும் காலடியில் உருளும். இறங்கும்போது அடுத்த பிடி கண்ணுக்குத் தெரியாது, உடல் எடை முன்னால் சாயும். ஏறியவர் இறங்க முடியாமல் மாட்டிக்கொள்வது இப்படித்தான். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய விதி ஒன்றே ஒன்று: இறங்கிக் காட்ட முடிந்த உயரம் வரைதான் ஏறலாம். அடித்தட்டு தேய்ந்த ஷூவும் செருப்பும் வேண்டாம். சோயா (Cholla) என்ற முள்கள்ளித் தோட்டத்தில் கால்மைல் சுற்று சமதரைதான், ஆனால் உதிர்ந்த முள்ளுருண்டைகள் தடத்தில் கிடக்கும். கையால் பிடுங்கினால் விரலில் ஏறும். சீப்பால் நெம்பித் தள்ளிவிட்டு, மீந்த முள்ளை ட்வீசரால் எடுக்க வேண்டும்.

பூங்காவின் நடுப்பகுதியில் குடிநீர் எங்கும் இல்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், சுமார் 3.8 லிட்டர், கொண்டுபோங்கள், நடப்பதானால் அதற்கும் மேல். மேற்கு வாயில், பிளாக் ராக், காட்டன்வுட் ஆகிய இடங்களில் நிரப்பிக்கொள்ளலாம். நுழைவுக் கட்டணம் காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். அக்டோபர் முதல் மே வரை வார இறுதிகளில் ஹிடன் வேலி வண்டி நிறுத்தம் காலையிலேயே நிரம்பிவிடும். எட்டு மணிக்குள் போய்ச் சேருங்கள், முடியாவிட்டால் அதை மாலைக்குத் தள்ளிவிட்டு கேப் ராக்கில் தொடங்குங்கள். டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் சூரியன் மறையும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.