ஐ3-ல விண்டோ மாத்த எது வேகம்? திசை, நம்பர், ரோஃபி, மார்க்

டைலிங் விண்டோ மேனேஜர் (லினக்ஸ்ல விண்டோக்களை ஒண்ணு மேல ஒண்ணு விழாம தானா அடுக்குற ப்ரோக்ராம்) பக்கம் புதுசா வர்றவங்க எல்லாரும் முதல்ல தேடுறது ஆல்ட் டேப்பைத்தான். அந்த ரகத்துல வர்ற ஐ3-லயும் ஸ்வேயிலயும் டீஃபால்ட்டா அது கிடையாது, அதுக்குப் பதிலா நாலஞ்சு வழி இருக்கு, எல்லாத்தையும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாத்துட்டுத்தான் இதை எழுதுறேன்.

முதல் வழி திசை. ஐ3-ல மோட் கீயோட (செட்டிங்ஸ்ல நீங்க தேர்ந்தெடுக்கிற ஆல்ட் இல்லன்னா விண்டோஸ் கீ) ஜே, கே, எல், செமிகோலன், அதாவது இடது, கீழ, மேல, வலது. (விம் எடிட்டர் பழகின கைக்கு ஒரு கீ தள்ளி இருக்கும், மோட்+ஹெச் இடத்தைப் பக்கவாட்டுல பிரிக்கிற ஸ்ப்ளிட்டுக்குப் போயிடுச்சு.) ஸ்க்ரீன்ல ரெண்டு மூணு விண்டோ இருக்கிற வரைக்கும் இதை அடிச்சுக்க ஆளே இல்ல, கண்ணுக்குத் தெரியிற பக்கம் விரல் தானா போகுது. ஆனா வலது பாதியை டேப் லேஅவுட்டா (ஒரே இடத்துல பல விண்டோ, ஒண்ணு மட்டும் தெரியும்) மாத்தி நாலு டேப் வச்சீங்கன்னா, கடைசி டேப்ல இருந்து இடது பக்க விண்டோவுக்கு வர ஒவ்வொரு டேப்பா தாண்டி நாலு தடவ அமுக்கணும். மோட்+ஏ அடிச்சா ஃபோகஸ் அந்த மொத்த டேப் கூட்டத்துக்கும் ஏறிடும், அப்புறம் ஒரே ஒரு இடது போதும். இது தெரியாமலே டேப் லேஅவுட் வேணாம்னு விட்டவங்க நிறைய பேர்.

ரெண்டாவது வொர்க்ஸ்பேஸ் (நம்பர் போட்ட தனித்தனி டெஸ்க்டாப்) நம்பர், என் ஓட்டு இதுக்குத்தான். 1-ல பிரவுசர், 2-ல எடிட்டர், 3-ல டெர்மினல், 4-ல சாட்னு ஒருதடவ முடிவு பண்ணி, கான்ஃபிக் ஃபைல்ல அசைன் (எந்த ஆப் எந்த வொர்க்ஸ்பேஸ்ல திறக்கணும்ங்கிற வரி) போட்டு, அப்புறம் மாத்தவே மாத்தாதீங்க. ரெண்டு வாரத்துல கைக்கு மனப்பாடம் ஆயிடும், விண்டோவைத் தேடுற வேலையே இல்ல, அது எங்க இருக்குன்னு முன்னாடியே தெரியும். இதுகூட ஆட்டோ பேக் அண்ட் ஃபோர்த்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும், அதை ஆன் பண்ணுங்க. 2-ல நிக்கும்போது மறுபடி மோட்+2 அடிச்சா முன்னாடி இருந்த வொர்க்ஸ்பேஸுக்குத் திரும்பும், எடிட்டருக்கும் பிரவுசருக்கும் நடுவுல நாள் முழுக்க ஓடுறவங்களுக்கு ஆல்ட் டேப் இல்லாத குறையே தெரியாது. டிடபிள்யூஎம்-னு இன்னொரு டைலிங் மேனேஜர்ல இதே வேலையை மோட்+டேப் பண்ணுது.

ரெண்டு மானிட்டர் இருந்தா ஒண்ணு கவனிங்க. ஐ3-ல நம்பர் அடிச்சா அந்த வொர்க்ஸ்பேஸ் எந்த மானிட்டர்ல இருக்கோ ஃபோகஸ் அங்க போகும். எக்ஸ்மோனாட்னு வேற ஒரு டைலிங் மேனேஜர்ல நேர்மாறு, நீங்க பாத்துட்டிருக்கிற மானிட்டருக்கே அது வரும், டிடபிள்யூஎம்-ல ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனியா 9 டேக் (வொர்க்ஸ்பேஸ் மாதிரி). தலையைத் திருப்பப் பிடிக்காதவங்களுக்கு எக்ஸ்மோனாட் முறை சுகமா இருக்கும், எனக்கு ஐ3 முறைதான், பிரவுசர்னா எப்பவும் வலது பக்க மானிட்டர்னு இருக்கணும்.

ரோஃபின்னு ஒரு தேடல் மெனு இருக்கு, அதோட விண்டோ லிஸ்ட் மூணாவது. ரெண்டு எழுத்து டைப் பண்ணி என்டர். இருபது விண்டோ திறந்து போட்டு எது எங்கன்னு மறந்த அன்னிக்கு இதுதான் காப்பாத்தும். ஆனா ஒவ்வொரு தடவையும் கண்ணு படிக்கணும், அதுலயே வேகம் போயிடுது, போதாக்குறைக்கு பிரவுசர்ல முன்னாடி இருக்கிற டேப்போட டைட்டில் மட்டும்தான் லிஸ்ட்ல வரும், பின்னாடி ஒளிஞ்சிருக்கிற டேப்பை இது கண்டுபிடிக்காது.

நாலாவது மார்க், அதாவது ஒரு விண்டோவுக்கு நாமே வைக்கிற அடையாளப் பேர். இதைப் பத்தி யாரும் பெருசா பேசறதில்ல, அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஐ3-இன்புட் (நாம டைப் பண்றதை ஐ3-க்குக் கட்டளையா குடுக்கிற சின்ன டூல்) வச்சு ரெண்டு பைண்டிங் (கீ ஷார்ட்கட்) போட்டுட்டா மோட்+எம், பி-ன்னு ஒரு டெர்மினலுக்குப் பேர் வைக்கலாம், அப்புறம் எந்த வொர்க்ஸ்பேஸ்ல இருந்தாலும் மோட்+ஜி, பி அடிச்சா நேரா அங்க. லாக் ஓடிட்டிருக்கிற ஒரே ஒரு டெர்மினல் பத்து டெர்மினலுக்கு நடுவுல மாட்டிக்கும்போது இதோட அருமை புரியும். விண்டோவை மூடினா மார்க்கும் போயிடும், அதனால ஒரு நாள் வேலைக்குத்தான் இது சரி, நிரந்தரமா வேணும்னா கிளாஸ் பேரை (அது எந்த ஆப்னு காட்டுற பேர்) சொல்லி ஃபோகஸ் பண்ற பைண்டிங் போடுங்க. ஸ்வேக்கு மாறினவங்க கவனம், வேலண்ட்லயே (ஸ்வே ஓடுற புது டிஸ்ப்ளே முறை, ஐ3-க்கு பழைய எக்ஸ்11) ஓடுற ஆப்புக்கு கிளாஸ் வேலை செய்யாது, ஆப் ஐடி குடுக்கணும், பழைய கான்ஃபிக்கை அப்படியே காப்பி பண்ணிட்டு வந்தா அந்த பைண்டிங் சத்தமே இல்லாம செத்துக் கிடக்கும்.