கிட் வாங்கி நாமளே மாட்டுற பிசி vs ரெடிமேட் பிசி: ரெண்டையும் யூஸ் பண்ணிட்டு சொல்றேன்

முதல்லயே சொல்லிடுறேன், காசு மிச்சமாகும்னு நெனச்சு கிட் (எல்லா பார்ட்ஸும் சேர்ந்து வர்ற செட்டு) வாங்காதீங்க, பெருசா ஒண்ணும் மிச்சமாகாது. பெரிய கம்பெனிக்காரங்க பார்ட்ஸ மொத்தமா அள்ளுறாங்க, அந்த ரேட்டு நமக்கு சில்லறைல எங்க கிடைக்கும்? கிட்டோட லாபமே வேற, உள்ள என்ன இருக்குன்னு ஸ்க்ரூ வரைக்கும் நமக்கு தெரியும்.

ரெடிமேட்ல ப்ராசஸர் பேரும் கிராபிக்ஸ் கார்டு பேரும் கொட்டை எழுத்துல இருக்கும். எஸ்எம்பிஎஸ் (உள்ள கரண்ட் சப்ளை பண்ற பெட்டி) என்ன, போர்டு (எல்லா பார்ட்ஸும் மாட்டுற மதர்போர்டு) என்ன, மூச்சு விட மாட்டாங்க. என் பழைய ரெடிமேட்ல 16 ஜிபி ராம்னு போட்டிருந்தான், தொறந்து பாத்தா ஒத்த ஸ்டிக்கு, அதாவது சிங்கிள் சேனல், டேட்டா போக ஒரே வழிதான். அதையே ரெண்டு 8ஆ போட்டிருந்தா பேண்ட்விட்த், அதாவது டேட்டா போற அளவு, டபுள், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாம கேம் ஆடுறவங்களுக்கு இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். சரி அதையாவது இன்னொரு ஸ்டிக் போட்டு சரி பண்ணிக்கலாம், எஸ்எம்பிஎஸ் போனப்போதான் கடுப்பாச்சு. 1995ல இன்டெல் கொண்டு வந்த ஏடிஎக்ஸ்ங்கிற பொதுவான அளவு ஸ்டாண்டர்டு இருக்குறதாலதான் யாரோட கேபினெட்ல யாரோட போர்டும் உக்காருது, ஆனா இந்த ரெடிமேட்காரங்க தனி ஷேப்புல போர்டு, தனி கனெக்டர்னு பண்ணி வச்சிருக்காங்க, எஸ்எம்பிஎஸ்லேர்ந்து போர்டுக்கு வர்ற வழக்கமான 24 பின் கேபிளுக்கு அதுல எடமே இல்ல, அவங்ககிட்டயேதான் போய் நிக்கணும். எஸ்எம்பிஎஸ்ஸ மாத்தணும்னா போர்ட மாத்தணும், போர்ட மாத்தினா கேபினெட்டும் போச்சு. அப்புறம் மிச்சம் என்ன இருக்கு அதுல!

கிட்டுக்கு வர்றேன். ப்ராசஸர் உக்கார்ற சாக்கெட் ஒத்துப்போகுமா, கூலர் ஒயரம் கேபினெட்ல அடங்குமா, கார்டு நீளம் இடிக்குமாங்கிற தலைவலி எல்லாத்தையும் அவங்களே பாத்து செட் பண்ணி அனுப்புறாங்க, தனித்தனியா பார்ட்ஸ் தேடி வாங்குறவங்களுக்கு இதோட அருமை தெரியும். மாட்டுறது பயப்படுற அளவுக்கு இல்ல, ப்ராசஸர்ல முக்கோணக் குறிய சாக்கெட்ல இருக்குற குறியோட பொருத்தி வச்சா தானா உக்காந்துக்கும், அமுக்கவே கூடாது. உயிர எடுக்குறது பவர் ஸ்விட்ச், ரீசெட், எல்இடினு வர்ற அந்த பொடி வயருங்கதான். அப்புறம் ப்ராசஸருக்கு போற 8 பின்னும் கார்டுக்கு போற 8 பின்னும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், 4+4னு பிரியறது ப்ராசஸருக்கு, 6+2னு பிரியறது கார்டுக்கு. ரெண்டு ஸ்டிக் ராம்னா நாலு ஸ்லாட் போர்டுல பெரும்பாலும் ப்ராசஸர்லேர்ந்து எண்ணி ரெண்டாவதுலயும் நாலாவதுலயும் போடணும்.

கூட வர்ற புக்லெட் மேலதான் எனக்கு செம கோவம். டிடிஆர்5ங்கிற வகை ராம் போட்டு முதல் தடவ ஆன் பண்ணா போர்டு ராமை ட்ரெயின் பண்ணிட்டு, அதாவது எந்த செட்டிங்ல சரியா ஓடும்னு சோதிச்சுட்டு இருக்கும், ஃபேன் சுத்தும், ஸ்க்ரீன் மட்டும் சில நிமிஷம் கருப்பாவே கிடக்கும். இத ஒரு வரி போட்டா என்ன? புதுசா மாட்டுறவன் எல்லாத்தையும் கழட்டிருவான் பாவம். ராமை அதோட முழு வேகத்துல ஓட வைக்கிற எக்ஸ்எம்பி, எக்ஸ்போ செட்டிங் பத்தியும் பேச்சே இல்ல, பயாஸ்ல (போர்டோட சொந்த செட்டிங்ஸ் மெனு) அத ஆன் பண்ணலேன்னா 6000 ஸ்பீடுனு காசு குடுத்து வாங்குன ராம் 4800 ஸ்பீடுலயே ஓடிட்டு இருக்கும்.

(நடுவுல ஒண்ணு, கேபிள் கழட்டி மாட்டுற டைப் எஸ்எம்பிஎஸ்ஸா இருந்தா பழசோட கேபிள புதுசுல சொருகவே சொருகாதீங்க, எஸ்எம்பிஎஸ் பக்கம் பின் வரிசை கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஹார்டு டிஸ்க் புகைஞ்சுரும்.)

வாரன்டில ரெடிமேட் கொஞ்சம் நிம்மதி, எது போனாலும் ஒரே எடத்துக்கு போன் போட்டா போதும். கிட்ல ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒவ்வொரு கம்பெனி, எது கெட்டுச்சுன்னு நாமளே கண்டுபிடிக்கணும், ஆனா நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மட்டும் தனியா 10 வருஷம் வரைக்கும் வாரன்டி கிடைக்குது.

ஒரு நாள் மெஷின் நின்னா பொழப்பே நின்னுரும்னா ரெடிமேடே வாங்குங்க, ஆனா போர்டு மாடலும் எஸ்எம்பிஎஸ் மாடலும் கேளுங்க, மழுப்புனா வேற கடை பாருங்க. அஞ்சாறு வருஷம் வச்சு ஒவ்வொண்ணா மாத்திட்டே போறவங்களுக்கு கிட்தான். நான் அதுக்கு குடுக்குறது அஞ்சுக்கு நாலு, ஒரு ஸ்டார் புக்லெட்டுக்காக கட்.