கீறல் விழுந்த பிறகு எது நிற்கும்? கடற்காற்றில் பட்டறை ஆயுதங்களுக்கான பூச்சுகள்

போன வருடம் சரஸ்வதி பூசைக்குப் பட்டறைச் சாமான்களையெல்லாம் துடைத்து அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு, விஜயதசமியன்று கையில் எடுத்தால் சீவுளித் தகட்டில் பொட்டு இருந்த இடத்தில் வட்டமாக ஒரு கறள், அதாவது துரு. ஒரே இரவுதான். ஈரச் சந்தனத்தை மரப்பிடியில் வைக்காமல் இரும்பில் வைத்தது என் பிழை, சரஸ்வதியின் பிழை இல்லை. அந்த வட்டத்தை எமறித் தாளால் தேய்த்துக்கொண்டிருக்கும்போதுதான், இத்தனை வருடமாக என்னென்ன பூசிப் பார்த்தேன், எது நின்றது, எது காசைத் தின்றது என்று எழுதி வைக்கத் தோன்றியது.

பட்டறை இருப்பது திருகோணமலை உப்புவெளியில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில். தச்சு வேலையும் வள்ளத்து எஞ்சின் வேலையும் ஒரே தகரத்துக்குக் கீழ். ஐப்பசி பிறந்தால் வாடையும் மழையும் என்பதால் அப்போது எல்லோரும் கவனமாகத்தான் இருப்போம். கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில்தான் ஏமாறுவது. காற்று வறண்டு கிடக்கிறது, இனி என்ன கறள் என்று எண்ணெய்த் துணியை மூலையில் போட்டுவிடுவோம். ஆனால் சாப்பாட்டு உப்பு கசிவதற்குக் காற்றில் ஏறக்குறைய 75 சதவீத ஈரப்பதம் வேண்டும் என்றால், கடலுப்போடு சேர்ந்து வரும் மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 சதவீதமே போதும். அதாவது நமக்கு உதடு வெடிக்கிற நாளிலும் ஸ்பானரின் மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தண்ணீர்ப் படலம் ஒன்று இருக்கிறது. மலைநாட்டில் பட்டறை வைத்திருப்பவர் சொல்லும் யோசனை இங்கே பாதிதான் செல்லுபடியாகும்.

அதனால் எந்தப் பூச்சைப் பற்றியும் நான் கேட்பது ஒன்றுதான்: கீறல் விழுந்த பிறகு இது என்ன செய்யும்? புதிதாக இருக்கும்போது எல்லாமே அழகுதான். தினமும் பாவிக்கிற ஆயுதம் சீமெந்துத் தரையில் விழும், இன்னொரு இரும்போடு உரசும், உப்புக் கையால் பிடிபடும். கீறாமல் இருக்காது.

முதலில் குரோம். கடையில் பளபளவென்று தொங்கும் ஸ்பானர் செட் எல்லாம் இதுதான். மேலே தெரியும் குரோம் ஒரு மைக்ரோன்கூட வராது, உண்மையான காவல் அதற்குக் கீழே உள்ள நிக்கல். தோல் முழுதாக இருக்கும்வரை இதற்கு நிகர் இல்லை, துடைத்தால் போதும். ஆனால் ஒரு ஊசித்துளை விழுந்ததென்றால் நிக்கல் தன்னைக் காப்பாற்றிக்கொண்டு இரும்பைக் காட்டிக்கொடுத்துவிடும், அரிப்பு முழுவதும் அந்தச் சின்னத் துளையிலேயே குவியும். பிறகு தோல் கொப்பளித்து உரியும். உரிந்த விளிம்பு கையையும் வெட்டும், எனக்கு வெட்டியிருக்கிறது. வீட்டில் திருப்பிப் பூசவும் வழியில்லை. மலிவு செட் ஒன்றை எங்கள் காற்றில் வைத்தால் இரண்டாவது மாரிக்குள் இந்தக் கோலம்தான்.

நாகம், அதாவது துத்தநாகம், நேர் எதிர். கல்வனைஸ் செய்த இரும்பில் கீறல் விழுந்தால் நாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். குணத்தால் இதுதான் நல்லவன். ஆனால் உருகிய நாகத்தில் முக்குவது 450 பாகை வெப்பத்தில். உளியும் சீவுளித் தகடும் 200 முதல் 250 பாகைக்குள் பதம் இறக்கிய உருக்கு. அதை அந்தத் தொட்டியில் போட்டால் பதம் போய், வெளியே வருவது கறள் பிடிக்காத, வெட்டாத ஒரு தகரத் துண்டு. மின்முலாமாகப் பூசும் நாகம் இந்தச் சூட்டுக்குப் போகாது என்றாலும் அது 5 முதல் 12 மைக்ரோன் வரைதான், தினப்பாவனையில் தேய்ந்துபோகும். அதற்கு முன் அமிலத்தில் கழுவும்போது கடின உருக்குக்குள் ஐதரசன் ஏறி நொறுங்கத்தக்கதாக்கிவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே கல்வனைஸ் வாளிக்கு, சங்கிலிக்கு, சாமான் கொழுவும் கம்பிக்கு. வாய் உள்ள ஆயுதத்துக்கு வேண்டாம். இன்னொன்று, கல்வனைஸ் துண்டை மூடிய இடத்தில் வெல்டிங் பிடித்தால் அந்த வெள்ளைப் புகை இரவில் காய்ச்சலாக வரும். தேய்த்து எடுத்துவிட்டுப் பிடியுங்கள்.

பெயின்ட்? குறட்டின் உடம்பு, வைஸின் உடம்பு, ஜாக்கி, இவற்றுக்குச் சரி. கறளை நன்றாகச் சுரண்டி, ஒரு கை பிறைமர், இரண்டு கை எனாமல். பிடிக்கும் இடத்திலும் உரசும் இடத்திலும் பூசவே வேண்டாம், ஏனென்றால் பெயின்ட் உரியும்போது நேர்மையாக உரிவதில்லை. மேலே நிறம் அப்படியே இருக்கும், கீறல் வழியாக உப்பு உள்ளே போய்ப் படலத்துக்கு அடியில் புழுவைப்போல ஊர்ந்துகொண்டே இருக்கும். தட்டிப் பார்த்தால்தான் சங்கதி தெரியும்.

கறுப்பாக்குவது பற்றிப் பல பேர் கேட்கிறார்கள். தொழிற்சாலையில் கறுப்பாக்கிய துளையலகுகளும் சொக்கெட்டுகளும் காஸ்டிக் சோடாக் கரைசலில் 140 பாகை அளவில் கொதித்து வந்தவை. மேலே இருப்பது மக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஒக்சைட்டு, ஒரு மைக்ரோன் கனம். வீட்டில் சிலர் வினிகரும் கடும் தேயிலைச் சாயமும் கலந்து ஊறவைக்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன், கறுக்கும். கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை செய்த அதே வித்தை, சாயத்தில் உள்ள தனின் இரும்போடு கூடிக் கறுப்பது. இரண்டுமே தனியாக நின்று கறளைத் தடுக்காது. எண்ணெயை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான் அவற்றின் வேலை. எண்ணெய் போடாத கறுப்பு ஸ்பானர் எங்கள் ஊரில் ஒரு கிழமையில் செம்பட்டையாகிவிடும்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். சண்டை முழுவதும் இங்கேதான்.

தேங்காய் எண்ணெய்தான் எல்லோர் வீட்டிலும் இருப்பது. பழைய ஓடாவிமார் வாளுக்கும் உளிக்கும் அதைத்தான் தடவினார்கள், அது முட்டாள்தனம் இல்லை. அது காய்ந்து பிசினாகாது, கைக்கும் கெடுதி இல்லை, மரத்தில் பட்டால் பெரிய கறை விடாது. ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை தடவினால் வேலை செய்யும். ஒரு மாதம் பெட்டியில் வைத்தால் செய்யாது, எண்ணெய் சிக்குப் பிடித்து, அதில் பிரியும் கொழுப்பமிலம் இரும்பையே தொட ஆரம்பிக்கும். பொரித்த எண்ணெயை மட்டும் எடுக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை மிச்ச எண்ணெயை வீணாக்காமல் நான் அரத்துக்குப் பூசியதில், அரம் பிசுபிசுத்து, எறும்பும் வந்து, இன்றுவரை மனைவி சொல்லிச் சிரிக்கிறாள்.

எஞ்சினில் இருந்து இறக்கிய கறுத்த ஒயிலை வாளியில் வைத்து ஆயுதங்களை முக்கி எடுக்கும் பழக்கம் கராஜ்களில் உண்டு. சும்மா கிடைப்பது என்பதைத் தவிர அதற்குச் சாதகமாக ஒன்றும் இல்லை. எரிந்த எச்சமும் அமிலமும் அதில் கலந்திருக்கிறது, தோலில் நாள்பட ஊறினால் புற்றுநோய்வரை கொண்டுபோகக்கூடிய சாமான். புது மெஷின் ஒயில் ஒரு போத்தல் மாதக்கணக்கில் வரும், அதை வாங்குங்கள்.

டபிள்யூடி-40 பற்றி ஒரு தெளிவு. 1953இல் நீரை விரட்டுவதற்காக, 40ஆவது கலவையில் கைகூடியது என்று பெயர் வைத்த திரவம் அது, டபிள்யூடி என்றால் ‘வோட்டர் டிஸ்பிளேஸ்மென்ட்’, நீரை விரட்டுவது, பெயரே வேலையைச் சொல்கிறது. மழையில் நனைந்த ஆயுதத்திலிருந்து தண்ணீரை வெளியேற்ற அதைவிட வசதி வேறு இல்லை. ஆனால் பெரும்பகுதி ஆவியாகிப் போய் மெல்லிய படலம்தான் மிஞ்சும். அடித்துவிட்டுத் துடைத்து, அதன் மேல் வேறொன்று பூச வேண்டும். அதையே கடைசிப் பூச்சாக நம்பி மாரி முழுக்க விட்டுவிட்டுப் பிறகு ஏசுவது நியாயமில்லை.

நீண்ட நாள் தொடாமல் வைப்பதற்கு கிரீஸ், அல்லது பார்மசியில் விற்கும் வெறும் வாசலின். இரண்டும் அசையாது. ஆனால் தினம் எடுக்கும் சாமானில் பூசினால் மணலும் மரத்தூளும் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும், கையும் வழுக்கும்.

அப்புறம் மெழுகு. எங்கள் பட்டறையில் கடைசியில் நிலைத்தது இதுதான், அதற்குக் காரணம் அது நெடுநாள் உழைப்பது அல்ல. உழைக்காது, பிடிக்கும் இடத்தில் இரண்டு கிழமையில் போய்விடும். ஆனால் கீறினால் கீறிய இடத்தில் மட்டும் ஒரு துணியால் தேய்த்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். சுரண்ட வேண்டாம், காய விட வேண்டாம். தொட்டால் ஒட்டாது, மரத்தூள் பிடிக்காது, சீவுளியின் அடியும் வாளின் பக்கமும் மரத்தில் வழுக்கிக்கொண்டு போகும். தேன்மெழுகு ஒரு பங்கு, டேர்பன்டைன் மூன்று பங்கு. மெழுகு 62 பாகையை ஒட்டி உருகும், ஆகவே சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் டின்னை வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து அப்பால் கொண்டுபோன பிறகுதான் டேர்பன்டைனை ஊற்ற வேண்டும். நெருப்புக்குப் பக்கத்தில் ஊற்றினால் பட்டறையே போய்விடும். இரும்பை மத்தியான வெயிலில் கொஞ்சம் சூடாக்கிவிட்டுப் பூசினால் படலம் சீராக வரும். பூசி, பத்து நிமிடம் விட்டு, துணியால் மினுக்க வேண்டும்.

எதைப் பூசினாலும் அதற்கு முன் உப்பைக் கழுவாவிட்டால் எல்லாம் வீண். உப்பின் மேல் எண்ணெய் தடவுவது கள்ளனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவது. எங்கள் கிணறு உவர் என்பதால் மாரியில் பிடித்த மழைத்தண்ணீரை ஒரு பீப்பாயில் இதற்கென்றே வைத்திருக்கிறேன். கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து, பிறகு மெழுகு. வேர்னியர் மாதிரி அளவுச் சாமானுக்கு மட்டும் மெழுகு வேண்டாம், கணக்குப் பிழைக்கும், மெல்லிய மெஷின் ஒயில் ஒரு சொட்டு போதும்.

பிடிகளைப் பற்றிச் சுருக்கமாக. வார்னிஷ் பூசிய சுத்தியல் பிடி கையைக் கொப்பளிக்க வைக்கும், கடையில் வாங்கிய அன்றே அதைச் சுரண்டிவிடுங்கள். வெறும் மரத்தில் ஆளிவிதை எண்ணெய், மெல்லிதாக, காய விட்டுக் காய விட்டு மூன்று தடவை. அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்து வெளியே கொடியில் போடுங்கள், இல்லையென்றால் ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.